மூச்சு கேட்க வேண்டும்

1983இல் ராயபுரத்தில் எங்கள் கல்மண்டபம் வீட்டுக்கு ஒரு கேசட் வந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, சிங்கப்பூர் வழியாக வந்த கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தது. அட்டையில் அணுகுண்டு வெடித்துப் புகை எழும் படம். அதன் மேல் பேஸி என்று ஒரு பெயர். அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆவாது. மச்சானாண்ட குடுத்துடு" என்று என்னிடம் நீட்டினார்.

மச்சான் என்றது என் அம்மாவின் தம்பியை. திருவொற்றியூரில் பேண்டு செட்டில் டிராம்போன் ஊதியவர். பகலில் தீப்பெட்டிக் கம்பெனி, மாலையில் கல்யாணமோ தேரோ சாவோ, எதற்குக் கூப்பிட்டாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று ராத்திரியே கேசட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டூ இன் ஒன்னில் போட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். முதல் பாட்டிலேயே மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தனை வேகம், அத்தனை பித்தளை. ஆனால் மாமாவைப் பிடித்து உட்கார வைத்தது கடைசிப் பாட்டுதான். அவசரமே இல்லாத மெட்டு. குழலின் வாயை மூடிக்கொண்டு ஒரு டிரம்பெட் தனியாகப் பேசும். மற்றவர்கள் ஊருக்குத் தெரியாமல் நடப்பதுபோல் பின்னால் வருவார்கள். மூன்று முறை ரீவைண்டு செய்து கேட்டார்.

"டேய், மூச்சு கேக்குதா?"

"பாட்டுதான் மாமா கேக்குது."

"பாட்டு அப்பால. ஒரு அடி முடிச்சு அடுத்த அடி எடுக்கறதுக்குள்ள அத்தினி பேரும் ஒண்ணா இழுக்கறான் பார், அது கேக்குதா? அது கேட்டாத்தான் ரெக்கார்டிங்கு. வெறும் பித்தளை கேட்டா அது ரேடியோ."

அந்த ஒரு பேச்சில் என் காதுக்கு வேலை வந்துவிட்டது. கவுண்ட் பேஸியின் குழு 1957 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டு அது என்பதும், மெட்டுகளை எழுதியவர் நீல் ஹெஃப்டி என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பேஸி மறு வருஷமே, 1984 ஏப்ரலில், இறந்துபோனார். எங்களில் அதற்காக வருத்தப்பட்டவர் மாமா ஒருவர்தான்.

பிக் பேண்டு என்றால் என்ன என்பதை மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாலு டிரம்பெட், நாலு டிராம்போன், அஞ்சு சாக்ஸபோன், பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ். பதினேழு பேர். அவருடைய செட்டும் பெரிய கல்யாணம் என்றால் பதினைந்து பேருக்குக் குறையாது. அங்கே பியானோ, இங்கே அதற்குப் பதில் யூஃபோனியம். அங்கே மூன்று கூட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேள்வியும் பதிலுமாக ஊதுவார்கள். இங்கே கிளாரினெட் பாட்டை எடுக்க, டிரம்பெட் பல்லவியில் சேர்ந்துகொள்ளும். "அவன் உக்காந்து ஊதறான், நாங்க நடந்துனே ஊதறோம்" என்பார். நடந்துகொண்டே டிராம்போன் ஊதுவது சாதாரணக் காரியமில்லை. குழலை இழுக்கும்போது முன்னால் போகிறவர் முதுகில் இடிக்காமல் இருக்க வேண்டும். அதனால் டிராம்போன்காரர்கள் எப்போதும் முதல் வரிசையில் நடப்பார்கள்.

பதிவைப் பற்றி அவர் பேசியது வெறும் அபிப்பிராயமில்லை. வாலிபத்தில் இரண்டு மூன்று தடவை கோடம்பாக்கத்துக்கு, ஊதுகிற ஆள் குறைந்தபோது, கூப்பிட்டிருக்கிறார்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலம். புதிய பறவையும் காதலிக்க நேரமில்லையும் வந்தது 1964இல். மேல்நாட்டு வாத்தியங்களை அந்த இருவர் தமிழில் எவ்வளவு லாவகமாகப் பேசவைத்தார்கள் என்பதற்கு அந்த இரண்டு படங்கள் போதும். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில். யாராவது ஒருவர் ஒரு சுரம் தப்பினாலும் எல்லாரும் முதலிலிருந்து. பிறகு ஒட்டிச் சரிசெய்கிற வசதி கிடையாது. அதனால் எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நிற்கும் இடத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். வயலின் மைக்குக்குப் பக்கத்தில். புல்லாங்குழல் இன்னும் பக்கத்தில். பித்தளைக்காரர்கள் சுவரோரம்.

"என்னெ வாசலாண்ட நிக்கவெச்சாங்க" என்று மாமா சொல்வார். "ரெண்டு அடி பின்னால போன்றாரு, அப்பால ஒரு அடி முன்னால வான்றாரு. அந்த ஒரு அடிலதான் கண்ணு இருக்குது எல்லாம்."

அந்த ஒரு அடி என்ன செய்கிறது என்று பின்னாளில் எனக்குப் புரிந்தது. மைக்குக்கு அருகில் ஊதினால் உலோகம் மட்டும் விழும். தள்ளி நின்றால் ஓசை ஹாலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைத் தொட்டு, கொஞ்சம் கனிந்து வந்து சேரும். காது கேட்பது வாத்தியத்தை மட்டுமல்ல, அது இருக்கும் அறையையும் சேர்த்துத்தான். பழைய மோனோ பதிவுகளில் இரைச்சல் உண்டு, கரகரப்பு உண்டு. ஆனால் எது முன்னால் எது பின்னால் என்பது கண்ணை மூடினால் தெரியும். ஒரே ஒலிபெருக்கியில் இப்படி ஆழம் காட்டிய அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்களை நான் இசையமைப்பாளர்களுக்குச் சமமாகவே வைக்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பேண்டு வாத்தியம் வடசென்னைக்கு வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. திருவொற்றியூருக்கு மேற்கே, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் நிற்கும் மணலியில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு முதலியார் குடும்பம் இருந்தது. கம்பெனிக்கு துபாஷி வேலை பார்த்த குடும்பம். முத்துகிருஷ்ண முதலியார் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தார். அவர் மகன் காலத்திலும் அந்த ஆதரவு தொடர்ந்தது. தீட்சிதரின் பிள்ளைகள் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் அங்கே வாசித்த ஐரோப்பிய பேண்டைக் கேட்டார்கள். இளையவர் பாலுசாமி வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்த வழிகளில் அது முக்கியமானது. மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுவரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அவைதான். ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டுக்கும் அதில் ஒரு சாகித்தியம் உண்டு. பித்தளைக் குழல்களின் ஓசையை நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்டு, தங்களுடையதாக ஆக்கிக்கொண்டு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா அந்த வரிசையில் வந்தவர் என்றே நான் எண்ணுகிறேன். அவர் தோளில் இருந்தது இரவல் வாத்தியமில்லை.

அந்த கேசட்டுக்குப் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் தேடுவது என்றால் நடப்பது. ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை நடந்து பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் வந்த கடைகள். கப்பலில் வந்த சோனியும் சான்யோவும் அங்கே குவிந்து கிடக்கும். ஒருமுறை பிக் பேண்டு என்று தலைப்புப் போட்ட கேசட் ஒன்றைப் பேரம் பேசி, ஒரு வாரக் கைச்செலவைக் கொடுத்து வாங்கினேன். வீட்டில் போட்டால், எங்கோ ஹோட்டல் லிஃப்டில் ஓடும் சங்கீதத்தை மூன்றாம் நகல் எடுத்தது. திரும்பப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகள் கிடைக்கும். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க அங்கேதான் கற்றேன். 1985 மே 30ஆம் தேதி அது எரிந்துபோனது. புகையை நாங்கள் மேம்பாலத்தின் மேல் நின்று பார்த்தோம்.

பணம் வேண்டாத வழி ஒன்று இருந்தது. சிற்றலை ரேடியோ. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நிதானமான குரல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்வார். நிகழ்ச்சியின் முகப்பிசை டியூக் எலிங்டன் குழுவுடையது. அந்த எலிங்டன் 1963இல் முழுக் குழுவோடு இந்தியா வந்தவர். அந்தப் பயணத்தின் நினைவில், தில்லியில் கேட்ட ஒரு மைனாவின் கூவலைக்கூட விடாமல், 1966 டிசம்பரில் ஒரு தொடர் இசையைப் பதிவு செய்தார். ரேடியோவில் அதைக் கேட்டபோது அலை ஏறி இறங்கும். டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடத்தில் மொத்தமும் கடலுக்குள் முங்கிவிடும். திரும்ப வரும்போது பாட்டு முடிந்திருக்கும். அப்படித்தான் பத்து வருஷம் கேட்டேன். பாதி இசையைக் கேட்டு மீதியை மனசில் போட்டு நிரப்பிக்கொண்டேன்.

நம் பக்கத்தில் இதற்கிடையே ஒலிப்பதிவு பெரிய தாவலாகத் தாவியிருந்தது. 1978இல் பிரியா படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தன. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுத்து, ஹால் நிறைய ஆட்களை உட்கார வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்த காலம். இடது காதில் வயலின் கூட்டம், வலது காதில் குழல்கள். ஹெட்போன் வைத்துக்கொண்டு மாமா அதைக் கேட்டபோது தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆட்கள் நிற்கிற இடத்தைத் தேடுகிறவர் போல.

1986இல் புன்னகை மன்னனில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இசை நல்ல இசை. ஆனால் பத்தே வருஷத்தில் கல்யாண மண்டபம் வரைக்கும் கீபோர்டு வந்துவிட்டது. அதில் ஒரு பொத்தானுக்கு டிராம்போன் என்று பெயர். 1997இல் இருவர் வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் ஐம்பதுகளின் ஸ்விங் இசையை எடுத்துக்கொண்டு ஆஷா போஸ்லேயை ஒரு பாட்டுப் பாடவைத்தார். தமிழ் சினிமாவில் பிக் பேண்டு வாசனை அவ்வளவு சுத்தமாக வந்த பாட்டு குறைவு. மாமா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பழைய சிநேகிதனைத் தெருவில் பார்த்த சிரிப்பு.

நான் அப்போது எண்ணூரில் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரிக்கு வேண்டிய தகடு வெட்டுவது. எட்டு மணி நேரமும் ஒரே அளவில் அடிக்கும் சத்தம். ஷிப்டு முடிந்து வந்தால் இரண்டு மணி நேரம் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். அதனால்தான் இன்றைய ஒலிப்பதிவுகளில் எது கெடுதி என்பதை நான் அனுபவித்தே சொல்கிறேன். மெதுவான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அடித்துக்கொண்டே இருக்கும்படி செய்கிறார்கள். பாட்டுக்கு அது தாங்கும். பிக் பேண்டுக்குத் தாங்காது. பதினேழு பேர் கிசுகிசுத்து, பிறகு ஒரே மூச்சில் எழுந்து நின்று கத்துவதுதான் அந்த இசையின் உயிர். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அழித்துவிட்டால் மிஞ்சுவது பிரஸ் ஷாப்.

சிடி வந்ததும் மறுபடி தேடினேன். நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் ஜாஸ் என்று ஒரு வரிசை இருக்கும். அங்கே தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாங்கியது என்னவோ வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அமெரிக்காவில் வேலைக்குப் போன தங்கை மகனிடம் சொல்லி, 2006இல் ஒன்றை வரவழைத்தேன். பாப் மின்சர் என்ற சாக்ஸபோன்காரரின் குழு, கவுண்ட் பேஸிக்குச் செலுத்திய அஞ்சலி. டி.எம்.பி. என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது; அதை நடத்திய டாம் ஜங் ஓர் ஒலிப்பதிவாளர். நாற்பது டிராக்கில் தனித்தனியாகப் பிடித்துப் பிறகு கலக்குகிற உலகத்தில், குழுவை மொத்தமாக உட்கார வைத்து நேரடியாக இரண்டு டிராக்கில் பதிவு செய்வது அவர் வழி. அதாவது எது கேட்க வேண்டும் என்பதை வாசிக்கும்போதே ஹாலில் முடிவு செய்தாக வேண்டும். கோடம்பாக்கத்து வாசல் கதைதான். ஊரும் கருவியும் வேறு.

மாமாவுக்கு அப்போது சர்க்கரை, பார்வை மங்கல். தீப்பெட்டிக் கம்பெனியை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மட்டும் மடியில் லேசாக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது, குழலை இழுக்கிற கை. இரண்டு பாட்டு முடிந்தபின் ஹெட்போனைக் கழற்றாமலே, சத்தமாகச் சொன்னார்: "டேய், வாசலாண்ட நிக்கறவன் மூச்சு கேக்குதுடா."

இன்று கதையே வேறு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அந்த ரயிலில் உட்கார்ந்து பேஸியின் அதே கேசட்டை போனில் தட்டினால் மூன்று நொடியில் வருகிறது. அட்டையில் அதே அணுகுண்டு. கேசட்டில் கேட்காத பேஸ் நரம்பின் அதிர்வு தெளிவாகக் கேட்கிறது. கொலோனின் டபிள்யூ.டி.ஆர். குழு, நியூயார்க்கில் 1966 முதல் திங்கட்கிழமை தோறும் வாசித்துவரும் வான்கார்டு குழு, லாஸ் ஏஞ்சல்ஸில் கார்டன் குட்வினின் பிக் ஃபாட் குழு, எல்லாம் கைக்குள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள், அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு வாய்க்காத வாய்ப்பு இது.

ஆனால் கிடைப்பது வேறு, நன்றாகக் கிடைப்பது வேறு. ஒரே பதிவு பத்து விதமாகப் போனில் கிடக்கிறது. யாரோ கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றியதும் அதில் ஒன்று. இளைஞர்கள் கேட்டால் ஒருவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்: மரியா ஷ்னைடர். அவருடைய கான்சர்ட் இன் த கார்டன் 2004இல் வந்தது. கடைகளில் விற்கவே இல்லை. ரசிகர்கள் முன்பணம் போட்டு, இணையம் வழியாக மட்டும் வாங்கியது. அப்படி வந்து கிராமி பெற்ற முதல் இசைத்தொகுப்பு அதுதான். அக்கார்டியன் ஒரு மூலையில், சொல்லில்லாமல் பாடும் பெண் குரல் இன்னொரு மூலையில், நடுவே குழல்கள் மெல்ல மெல்ல மேகம் கட்டுவதுபோல் எழும்பும். அவர் இசை ஸ்ட்ரீமிங்கில் தாராளமாகக் கிடைக்காது. வாசித்தவர்களுக்குக் கூலி கட்டாது என்பது அவர் வாதம், அது நியாயமான வாதம். என் மகன் கார்டில் பணம் கட்டி இறக்கிக் கொடுத்தான். எல்லாம் விரல் நுனியில் இருக்கும் காலத்தில், இதற்கு மட்டும் பழையபடி காத்திருந்து வாங்கினேன். வாங்கியதில் ஒரு காசும் வீணில்லை.

கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். நீல விளக்கு எரியும் புளூடூத் டப்பாவில் வேண்டாம். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். மெதுவான இடம் சரியாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். உரத்த இடம் தானே பார்த்துக்கொள்ளும். குழல்கள் சேரும் முன் அந்த மூச்சு கேட்டால், அது நல்ல பதிவு.

தெருவில்தான் இப்போது மூச்சு கேட்பதில்லை. கல்யாணத்துக்குச் செண்டை மேளம், இல்லையென்றால் வண்டியில் ஜெனரேட்டர் கட்டிய டி.ஜே. மிச்சமிருக்கும் பேண்டு செட்டுகளில் நாலைந்து பேர். நடுவே தள்ளுவண்டியில் கீபோர்டும் ஒலிபெருக்கியும். குழலை ஊதுகிறவர் ஒருவர் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார், அது கீபோர்டின் சத்தத்தில் காதுக்கு எட்டுவதில்லை. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தேர்பவனி நாட்களில் மட்டும் இன்னும் முழு செட் வருகிறது. அந்தப் பிள்ளைகள் நன்றாக ஊதுகிறார்கள். சுற்றி நூறு போன்கள் படம் பிடிக்கின்றன. டிரம்முக்கு ஓர் அடி தள்ளி நின்று பிடித்த அந்தப் படங்களில் கேட்பது வெறும் படபடப்பு.

மாமா 2011இல் போய்விட்டார். அவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, சாவுக்கு வாசிக்கும் மெதுவான நடை, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக, கிளாரினெட்டுக்கு ஒரு நிறம், டிராம்போனுக்கு ஒரு நிறம் என்று மை மாற்றி எழுதியவை. பதினாறாம் நாள் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. நான் ஷிப்டில் இருந்தேன். மறுநாள் கடைக்கு ஓடினேன், லாரி போயிருந்தது. அந்த செட் வாசித்த ஒரு பாட்டுக்கூட நல்ல பதிவாக எங்கள் யாரிடமும் இல்லை.

இதைப் படிக்கிறவர் வீட்டில் பேண்டு செட்டில் ஊதிய அப்பாவோ தாத்தாவோ இருந்தால், அவர் நோட்டை எடைக்குப் போடாதீர்கள். அடுத்த தேர்பவனிக்குப் போகிறவர்கள் போனை நீட்டிக்கொண்டு டிரம் பக்கம் போகாதீர்கள். ஒரு சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தெருமுனையில், சுவரோரமாக, இருபது அடி தள்ளி நில்லுங்கள். செட் உங்களைக் கடந்து போகும்வரை பேசாமல் இருங்கள்.

அந்தப் பதிவு எனக்கும் ஒன்று வேண்டும்.